ஓட்டலுக்கு ஒரு வலைத்தளம்

முன்னுரை

ஓட்டலுக்குச் செல்பவர் முதலில் பார்ப்பது வாசலில் உள்ள பெயர்ப்பலகையை. அடுத்து, சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருக்கும் கரும்பலகையை. "இன்றைய ஸ்பெஷல்" என்னும் தலைப்பின் கீழ் உள்ள நான்கு வரிகளைப் படித்த பின்னரே அவர் கை கழுவச் செல்கிறார். தெருவில் நிற்பவருக்கு இவ்விரு பலகைகளும் செய்யும் உதவியை, தொலைவில் பேருந்தில் வந்துகொண்டிருப்பவருக்கும் செய்து தருவதே ஓட்டலின் வலைத்தளமாகும்.

நம் சிறுசேரி, நாவலூர், படூர், கேளம்பாக்கம் பகுதிகளில் மெஸ், சிற்றுண்டிக் கடை, தேநீர்க் கடை நடத்தும் குடும்பங்கள் பல. உங்களுள் சிலருடைய பெற்றோரும் அத்தொழிலில் இருக்கலாம். மேல்வகுப்புகளில் கணினி பயிலும் நீங்கள், கற்றதைக் கொண்டு அவர்களுக்கு ஒரு தளம் அமைத்துத் தர முடியும். அதற்கு வேண்டிய அடிப்படைகளை இப்பாடத்தில் காண்போம். பெற்றோர்களும் படித்துப் பயன் பெறும் வகையில் எளிய சொற்களிலேயே விளக்க முயன்றுள்ளேன்.

1. வலை பிறந்த கதை

சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகருக்கு அருகில் செர்ன் என்னும் அணு ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அங்குப் பணிபுரிந்த ஆங்கிலேயர் டிம் பெர்னர்ஸ் லீ, ஆராய்ச்சியாளர்கள் தங்கள் ஏடுகளை ஒருவருக்கொருவர் எளிதில் காட்டிக்கொள்ளும் பொருட்டு 1989இல் ஒரு திட்டத்தை வகுத்தார். அதிலிருந்து பிறந்ததே உலகளாவிய வலை. 1991இல் அது ஆராய்ச்சி நிலையத்திற்கு வெளியே உள்ளவர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் நிலையம், இத்தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைத்தது 1995 ஆகஸ்டு 15 அன்று. அதனை வழங்கியது வி.எஸ்.என்.எல். நிறுவனம்.

1993ஆம் ஆண்டின் அறிவிப்பு நமக்கு மிகவும் முக்கியமானது. வலையைப் பயன்படுத்த எவரிடமும் உரிமம் கேட்க வேண்டியதில்லை. சிப்காட் வளாகத்தில் உள்ள பெரிய நிறுவனத்திற்கு எந்த உரிமை உண்டோ, அதே உரிமை வளாக வாயிலருகே ஆறு மேசைகள் போட்டுச் சாப்பாடு வழங்கும் மெஸ்ஸுக்கும் உண்டு.

வலை இயங்கும் விதத்தை ஓட்டலைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். ஓட்டலில் சர்வர் இருக்கிறார். இணையத்திலும் சர்வர் என்றே பெயர் பெற்ற கணினி இருக்கிறது. நாம் "இரண்டு இட்லி" என்றால் ஓட்டல் சர்வர் சமையலறையிலிருந்து கொண்டு வந்து வைக்கிறார். நாம் கைப்பேசியில் ஒரு முகவரியைத் தட்டினால் இணைய சர்வர் தன்னிடம் உள்ள பக்கத்தைக் கொண்டு வந்து வைக்கிறது. அப்பக்கத்தின் பொருளை எழுதப் பயன்படுவது எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி, அதன் தோற்றத்தை ஒழுங்குபடுத்துவது சி.எஸ்.எஸ். முன்னது சமைத்த பதார்த்தம். பின்னது இலையில் எதனை எந்த இடத்தில் வைப்பது என்னும் பரிமாறும் முறை. தலைவாழை இலையானாலும் சிறு இலையானாலும் பதார்த்தம் ஒன்றே. அதுபோல் கணினித் திரைக்கும் கைப்பேசித் திரைக்கும் பொருள் ஒன்றாகவும், பரிமாறும் முறை மட்டும் வேறாகவும் அமைவதே நல்ல தளம்.

2. விலைப்பட்டியல் கற்பித்த பாடம்

உணவு வணிகம் வலைக்கு வந்தது மிகத் தொடக்கக் காலத்திலேயே. 1994இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சாண்டா குரூஸ் நகரில், பீட்சா ஹட் நிறுவனம் வலைப்பக்கத்தின் வழியாக ஆர்டர் பெறும் முறையைத் தொடங்கியது. எனினும் நமக்கு இன்னும் பொருத்தமான சான்று நம் நாட்டிலேயே உள்ளது.

2008ஆம் ஆண்டு, டில்லியில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் பணியாற்றிய தீபிந்தர் கோயல், பங்கஜ் சத்தா என்னும் இருவர் ஒரு காட்சியைக் கவனித்தனர். மதிய வேளையில் அலுவலகத் தோழர்கள், அக்கம்பக்கத்து ஓட்டல்களின் விலைப்பட்டியல் அட்டைகளைப் பார்ப்பதற்காக வரிசையில் நின்றனர். இருவரும் அவ்வட்டைகளைப் படியெடுத்துக் கணினியில் ஏற்றினர். அதுவே ஃபுடிபே என்னும் தளமாயிற்று. 2010இல் அதன் பெயர் சொமாட்டோ என மாறியது. இன்று நாடெங்கும் அறியப்பட்ட அந்நிறுவனத்தின் வித்து, ஒரு கட்டு விலைப்பட்டியல் அட்டைகளே ஆகும்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது? ஓட்டலைத் தேடி வலைக்கு வருபவர் அழகிய அசைபடங்களையும் பின்னணி இசையையும் தேடி வருவதில்லை. என்ன இருக்கிறது, என்ன விலை என்று அறியவே வருகிறார். அதனை மறைத்து வைத்துவிட்டு வேறு எதனைக் காட்டினாலும் அவர் பக்கத்தை மூடிவிடுவார். பசித்தவருடைய கேள்விக்கு விரைவாகவும் உண்மையாகவும் விடை கூறுவதே ஓட்டல் தளத்தின் கடமை. இப்பாடத்தின் மையக் கருத்தும் இதுவே.

3. சிறுசேரியில் இதன் தேவை

மத்திய கைலாஷில் தொடங்கும் ராஜீவ் காந்தி சாலை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் கடந்து சிறுசேரியை அடைகிறது. இங்குள்ள சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவிற்கு நாள்தோறும் பல்லாயிரவர் வந்து போகின்றனர். தமிழ்நாட்டின் பல மாவட்டத்தாரோடு ஆந்திரர், மலையாளிகள், வடநாட்டவர் ஆகியோரும் அவர்களுள் அடங்குவர். காவலர்கள், ஓட்டுநர்கள், கட்டடத் தொழிலாளர்கள் என மற்றொரு கூட்டமும் உண்டு. விடுமுறை நாள்களில் கோவளம், முட்டுக்காடு, மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் சுற்றுலாப் பயணிகளும் இவ்வழியில் உணவு தேடுகின்றனர். இவர்களுள் பெரும்பாலோர் ஊருக்குப் புதியவர்கள். "அந்த அரச மரத்தடி மெஸ்" என்று சொன்னால் அவர்களுக்கு விளங்காது, கைப்பேசியில்தான் தேடுவர்.

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியபோது அலுவலக வேலை வீடுகளுக்கு இடம் பெயர்ந்தது. அலுவலகப் பணியாளரை மட்டுமே நம்பியிருந்த சிறு உணவகங்கள் ஒரே நாளில் வாடிக்கையாளரை இழந்தன. ஆண்டுக்கணக்கில் உணவருந்தியவர்களின் முகம் உரிமையாளருக்குத் தெரியும். பெயரும் எண்ணும் தெரியாது. "நாங்கள் பார்சல் தருகிறோம், அழையுங்கள்" என்று அவர்களுக்குச் சொல்ல ஒரு பலகைகூட இல்லாமற் போயிற்று. தனக்கென ஒரு முகவரி வலையில் இருப்பதன் அருமை அப்போது விளங்கியது.

"ஸ்விகி, சொமாட்டோ போன்ற செயலிகள் இருக்கும்போது தனித்தளம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். அச்செயலிகள் பயனுள்ளவையே, வீடு தேடிக் கொண்டு சேர்க்கும் ஆள்பலம் அவற்றிடம் உள்ளது. ஆயினும் ஒவ்வோர் ஆர்டரிலும் அவை ஒரு பங்கைக் கழித்துக்கொள்கின்றன. இச்செயலிகளின் நடைமுறைகள் குறித்து இந்திய தேசிய உணவகங்கள் சங்கம் 2021இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டது; 2022 ஏப்ரலில் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. வாடிக்கையாளர் விவரம் ஓட்டலுக்குக் கிடைப்பதில்லை என்பதும் ஓட்டல்காரர்களின் குறைகளுள் ஒன்று.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நம் எடுத்துக்காட்டு மெஸ்ஸில் நாளொன்றுக்கு 30 பார்சல், ஒவ்வொன்றும் ரூ. 100 என்றும், செயலியின் பங்கு நூற்றுக்கு 20 ரூபாய் என்றும் கொள்வோம். ஒரு நாள் விற்பனை ரூ. 3,000, கழிவு ரூ. 600. மாதம் 25 வேலை நாள்களுக்குக் கழிவு ரூ. 15,000. முப்பதில் 10 பேர் தளத்தைப் பார்த்து நேரே தொலைபேசியில் சொல்லி, தாமே வந்து வாங்கிச் சென்றால் மாதம் ரூ. 5,000 மிச்சமாகும். அது ஒரு பிள்ளையின் படிப்புச் செலவுக்கு உதவும். செயலியையும் வைத்துக்கொண்டு தனித்தளத்தையும் நடத்துவதே அறிவுடைமை.

4. பசித்தவரின் ஐந்து கேள்விகள்

தளம் அமைக்கும் முன் தாளில் ஐந்து கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். முதற்பக்கத்திலேயே இவற்றிற்கு விடை இருக்க வேண்டும்.

(அ) என்ன கிடைக்கும்? காலைச் சிற்றுண்டி, மதியச் சாப்பாடு, மாலைப் பலகாரம், இரவு உணவு என வேளைவாரியாகப் பிரித்து எழுதுதல் நலம். சைவம், அசைவம் என்பதைப் பச்சை, பழுப்பு நிறக் குறிகளோடு எழுத்திலும் குறிப்பிடுக. நிறம் பிரித்தறிய இயலாதவர்களும் உண்டு. நிலக்கடலை, பால், முட்டை, இறால், நண்டு ஆகியவை சிலர் உடலுக்கு ஒவ்வா. அவை சேர்ந்த பதார்த்தங்களுக்கு எதிரே ஒரு சொல் எழுதி வைத்தால் பெரும் துன்பம் தவிர்க்கப்படும்.

(ஆ) என்ன விலை? ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை எழுத வேண்டும். சாதாரண ஓட்டல்களில் உணவுக்கு ஜி.எஸ்.டி. வரி 2017 நவம்பர் 15 முதல் 5 விழுக்காடாக உள்ளது. வரி வாங்கும் ஓட்டலானால், எழுதிய விலையில் அது அடங்குமா, தனியா என்பதையும் சொல்லிவிடுக. கல்லாப்பெட்டி அருகே வாக்குவாதம் எழாது. அளவுச் சாப்பாடா, முழுச் சாப்பாடா என்பதும் இங்கேயே தெளிவாக வேண்டும்.

(இ) இப்போது திறந்திருக்கிறதா? "காலை 7 முதல் இரவு 10 வரை" என்று பொதுப்பட எழுதுவது போதாது. மதியச் சாப்பாடு 12 மணி முதல் 3 மணி வரை என்றால் அவ்வாறே எழுதுக. வார விடுமுறை, பொங்கல் விடுமுறை ஆகியவற்றை முன்னரே அறிவிக்க வேண்டும்.

(ஈ) எப்படி வருவது? ராஜீவ் காந்தி சாலையின் நடுவே தடுப்பு உள்ளது. சாலையின் எந்தப் புறத்தில் ஓட்டல் இருக்கிறது என்று தெரியாவிட்டால், எதிர்ப்புறம் வந்தவர் யு-திருப்பம் தேடி நெடுந்தூரம் செல்ல நேரும். ஆகவே "மாமல்லபுரம் செல்லும் திசையில் இடப்புறம்" என்பது போன்ற ஒரு வரி, வரைபட இணைப்பைவிடக்கூட மிகுதியாக உதவும். சிறுசேரி ஊர் வேறு, சிப்காட் வளாகம் வேறு என்பதையும் மனத்தில் கொண்டு, அருகில் உள்ள பேருந்து நிறுத்தத்தின் பெயரைக் குறிப்பிடுக. வண்டி நிறுத்த இடம் உண்டா என்பதும் கேட்கப்படும் கேள்வியே.

(உ) யாரிடம் பேசுவது? ஓட்டலின் தொலைபேசி எண்ணைத் தொட்டவுடன் அழைப்புச் செல்லும்படி அமைக்க வேண்டும். அவ்வெண்ணை எடுத்துப் பேச ஆள் இல்லாத நேரத்தையும் குறிப்பிட்டுவிட்டால் எவருக்கும் ஏமாற்றமில்லை.

இந்த ஐந்துக்கும் விடை கூறிய பின்னர், ஓட்டலின் வரலாறு, உரிமையாளரின் வரவேற்புரை முதலியவற்றிற்கு இடம் தரலாம். பலர் இவ்வரிசையைத் தலைகீழாக மாற்றிவிடுகின்றனர்.

5. எழுத்தும் மொழியும்

விலைப்பட்டியல் அட்டையைப் புகைப்படம் எடுத்து அப்படியே ஏற்றிவிடுவது பலர் கையாளும் சுருக்கு வழி. இதில் மூன்று குறைகள் உள்ளன. முதலாவது, கைப்பேசியில் எழுத்து எறும்பு போல் தெரியும். இரண்டாவது, தேடுபொறிகள் எழுத்தைப் படிப்பதுபோல் படத்தில் உள்ளதை நம்பகமாகப் படிப்பதில்லை. ஆதலின் "சிறுசேரி மீன் சாப்பாடு" என்று தேடுபவருக்கு அப்பக்கம் அகப்படாமற் போகலாம். மூன்றாவது, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரை வாசிப்பான் எழுத்தையே குரலாக்கித் தருகிறது. எழுத்தில்லாத படத்தின் முன் அது ஊமையாகிவிடும். எனவே பட்டியலை எழுத்தாகவே தட்டச்சு செய்ய வேண்டும். நேரம் சற்று கூடுதலாகும், பயனோ பன்மடங்கு.

எந்த மொழியில் எழுதுவது? தமிழ் எழுத்துகள் 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதற் பதிப்பிலேயே இடம் பெற்றுவிட்டன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை வகுக்கப்பட்டது. ஆதலால் வலையில் தமிழ் எழுதுவது இன்று கடினமன்று. தமிழ்நாட்டுக் கடைகளின் பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. ஓட்டலின் வலைப்பக்கமும் ஒரு பலகைதானே! தமிழில் முதலிலும், வெளி மாநிலத்தாருக்காக ஆங்கிலத்தில் அடுத்தும் எழுதுக. "காரக்குழம்பு" என்பதை மொழிபெயர்க்க முயன்று கேலிக்கிடமாக்க வேண்டாம். பெயரை அப்படியே எழுதி, "புளியும் மிளகாயும் சேர்ந்த குழம்பு" என்பதுபோல் அருகில் ஒரு விளக்கம் தந்தால் போதும்.

எழுத்தின் நிறமும் கருதத்தக்கது. வெள்ளைத் தாளில் வெளிர்மஞ்சள் எழுத்து எழுதினால் நம் ஆசிரியைகள் திருப்பித் தந்துவிடுவார்கள்! வலையின் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது. வெயிலில் நின்று கைப்பேசி பார்க்கும் நம் ஊருக்கு இது மிகவும் தேவை.

6. படங்களும் எடையும்

உணவின் படம் வேண்டும். ஆனால் அளவோடு வேண்டும். கைப்பேசியில் எடுத்த ஒரு படம் 4 மெகாபைட் எனக் கொள்வோம். அத்தகைய 10 படங்கள் 40 மெகாபைட். வினாடிக்கு 1 மெகாபைட் வேகத்தில் பக்கம் முழுதும் வந்து சேர 40 வினாடிகள் ஆகும். அதற்குள் பசித்தவர் அடுத்த ஓட்டலுக்குப் போய்விடுவார். அதே படங்களை ஒவ்வொன்றும் 150 கிலோபைட்டாகச் சுருக்கினால் மொத்தம் 1.5 மெகாபைட், ஒன்றரை வினாடி போதும். படத்தைச் சுருக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

படம் நம் சமையலறையில் சமைத்ததாகவே இருக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில், சன்னலோரம் இலையை வைத்து எடுத்தால் விளக்கு வேண்டியதில்லை. பிறர் எடுத்த படத்தை வலையிலிருந்து எடுத்துப் போடுவது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திற்கு மாறானது; அதனினும் மேலாக, உண்ண வருபவரை ஏமாற்றுவதுமாகும். "சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்" என்பது நம் பழமொழி. தளம் ஓர் அகப்பை. சட்டியில் இல்லாததை அது காட்டலாகாது.

7. பெயரும் உரிமையும்

தளத்திற்கு ஒரு முகவரிப் பெயர் வேண்டும். ".இன்" என்று முடியும் பெயர்கள் 2005 முதல் பொதுமக்களுக்குத் தாராளமாகக் கிடைக்கின்றன. தமிழ் எழுத்திலேயே ".இந்தியா" என்று முடியும் பெயர்களும் உண்டு. பெயர் சிறியதாகவும், தொலைபேசியில் ஒருமுறை சொன்னாலே எழுதிக்கொள்ளத் தக்கதாகவும் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி அதனைப் புதுப்பிக்க வேண்டும்.

இங்கே பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முகவரிப் பெயரும், சர்வர் கணக்கும், மறைச்சொல்லும் ஓட்டல் உரிமையாளரின் பெயரிலேயே இருக்க வேண்டும். தளம் அமைத்துத் தந்தவரின் பெயரில் இருந்தால், அவர் ஊர் மாறிச் சென்ற பின்னர்ப் புதுப்பிக்க வழியின்றிப் போகும். காலாவதியான பெயரை வேறு எவரேனும் வாங்கிக்கொள்ளவும் கூடும். கடைப் பத்திரத்தை வைத்திருக்கும் பெட்டியிலேயே இவ்விவரங்களையும் எழுதிப் பூட்டி வைப்பது நன்று.

தளம் எச்.டி.டி.பி.எஸ். என்னும் பாதுகாப்பு முறையில் இயங்க வேண்டும். அதற்குரிய சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் இலாப நோக்கற்ற சேவை இலவசமாக வழங்குகிறது.

8. உண்மையே முதல்

வலைத்தளத்தில் எழுதிய ஒவ்வொரு வரியும் வாடிக்கையாளருக்கு அளித்த வாக்குறுதி ஆகும். நம் கடற்கரையிலிருந்தே இதற்கு ஒரு சான்று கூறலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை உண்டு. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பொருட்டு விதிக்கப்பட்ட தடை அது. நாட்டுப் படகுகள் கொண்டு வரும் மீன் மட்டுமே அப்போது கோவளம் போன்ற ஊர்களில் கிடைப்பதால், வரத்து குறைந்து விலை ஏறுகிறது. அந்நாள்களிலும் "வஞ்சிரம் வறுவல்" என்று பழைய விலையோடு தளம் கூறிக்கொண்டிருந்தால், சிறுசேரியிலிருந்து நண்பர்களை அழைத்துக்கொண்டு வந்தவர் ஏமாந்து திரும்புவார், மறுமுறை வரமாட்டார். "தடைக்காலம், மீன் வகைகள் அன்றன்றைய வரத்தைப் பொறுத்தவை" என்ற ஒரு வரி ஓட்டலின் நற்பெயரைக் காக்கும். கரும்பலகையைத் தினமும் துடைத்து எழுதுபவர், வலைப்பலகையையும் துடைத்து எழுத வேண்டும்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இன் கீழ் ஓட்டல்களுக்கு 14 இலக்க உரிம எண் அல்லது பதிவு எண் வழங்கப்படுகிறது. 2022 ஜனவரி 1 முதல் அதனை ரசீதில் அச்சிட வேண்டும் என்பது விதி. தளத்தின் அடியிலும் அவ்வெண்ணை எழுதி வைத்தால் புதியவர்க்கு நம்பிக்கை பிறக்கும்.

உறவினரைக் கொண்டு பாராட்டுரைகளை எழுதச் செய்து நிரப்புவது வேண்டாம். வலையில் நுகர்வோர் எழுதும் மதிப்புரைகளுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐ.எஸ். 19000 என்னும் தரத்தை வெளியிட்டுள்ளது. பொய்யுரைகளைக் களைவதே அதன் நோக்கம். யாரேனும் "சாம்பாரில் உப்பு அதிகம்" என்று எழுதினால் அதற்குப் பணிவோடு விடை கூறுவது, பத்துப் பாராட்டுரைகளைவிட மதிப்பு வாய்ந்தது.

வாடிக்கையாளரிடம் தேவையற்ற விவரங்களைக் கேட்டுச் சேர்க்க வேண்டாம். பார்சல் கட்டப் பெயரும் எண்ணும் போதும், பிறந்தநாள் எதற்கு? தனிமனிதர் விவரங்களைக் காப்பதற்கென 2023இல் நம் நாட்டில் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. மாணவிகளே, உங்களுக்கும் ஒரு சொல்: தளத்தில் உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணையோ புகைப்படத்தையோ இடாதீர்கள். ஓட்டலின் எண் மட்டுமே அங்கு இருத்தல் வேண்டும்.

9. செய்முறை

மேற்கூறியவற்றைப் பின்வரும் வரிசையில் செய்து பாருங்கள்.

முதல் வாரம்: ஓட்டலில் ஒரு மணி நேரம் அமர்ந்து, தொலைபேசியில் வரும் கேள்விகளையும் வாசலில் நின்று கேட்கப்படும் கேள்விகளையும் எழுதுக. எக்கேள்வி மிகுதியாக வருகிறதோ, அதன் விடையே தளத்தின் முதல் வரி.

இரண்டாம் வாரம்: பட்டியல், விலை, நேரம், வழி ஆகியவற்றைத் தாளில் எழுதி உரிமையாளரிடம் காட்டி ஒப்புதல் பெறுக. சமையல் மாஸ்டரையும் கேளுங்கள்; எது உண்மையில் நாள்தோறும் தயாராகிறது என்பதை அறிந்தவர் அவரே.

மூன்றாம் வாரம்: ஒரே ஒரு பக்கம் அமைக்கவும். சிறு ஓட்டலுக்கு அதுவே போதும். முதலில் கைப்பேசித் திரைக்கும், பின்னர்க் கணினித் திரைக்கும் ஒழுங்குபடுத்துக. கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ நிறுவனங்கள் 2011இல் சேர்ந்து வகுத்த ஸ்கீமா என்னும் குறிமுறையில் ஓட்டலின் பெயர், முகவரி, நேரம் ஆகியவற்றை எழுதினால் தேடுபொறிகள் எளிதில் புரிந்துகொள்ளும். கூகுள் வரைபடத்திலும் ஓட்டலைப் பதிவு செய்து, இரண்டிடத்திலும் ஒரே எண்ணும் ஒரே நேரமும் இருக்கிறதா எனச் சரிபார்க்கவும்.

நான்காம் வாரம்: தளத்தை முன்பின் பார்த்திராத மூவரிடம் கைப்பேசியைக் கொடுங்கள். பாட்டி ஒருவரும் அவர்களுள் இருக்கட்டும். "இட்லி என்ன விலை? ஞாயிற்றுக்கிழமை உண்டா? எப்படிப் போவது?" என்று கேளுங்கள். அவர்கள் தடுமாறும் இடத்தில் குற்றம் அவர்களுடையதன்று, தளத்தினுடையது. திருத்தி மீண்டும் சோதிக்க வேண்டும்.

அதன் பின்னர், பட்டியலைப் புதுப்பிக்கும் வேலையை ஓட்டலில் ஒருவரிடம் ஒப்படைத்து, செய்முறையை ஒரு குறிப்பேட்டில் தமிழில் எழுதித் தருக. தேர்வுக் காலத்தில் நீங்கள் படிக்க வேண்டும். அப்போதும் தளம் நடைபெற வேண்டும் அல்லவா!

முடிவுரை

திருக்குறளில் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த மரபு நம்முடையது. விருந்தினர் வாசலுக்கு வருமுன்னரே அவருக்கு வழிகாட்டி, விலை கூறி, இல்லாததை இல்லை என்று நேர்மையாகச் சொல்லி வரவேற்பதும் அவ்விருந்தோம்பலின் ஒரு பகுதியே. ஆறு மேசை மெஸ்ஸும் அதனைச் செய்ய முடியும். அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு மாணவியின் ஓய்வு நேரமும், உரிமையாளரின் வாய்மையும், நாள்தோறும் ஐந்து நிமிடக் கவனமும் போதும். இவ்விடுமுறையில் உங்கள் தெருவில் உள்ள ஓர் உணவகத்திற்கேனும் இப்பணியைச் செய்து கொடுங்கள். கற்ற கல்வி பிறர் பசி தீர்க்கவும், ஒரு குடும்பத்தின் அடுப்பு அணையாமல் காக்கவும் துணை புரியட்டும்!

பயிற்சி

1. உங்கள் ஊர் ஓட்டல் ஒன்றின் விலைப்பட்டியலை வேளைவாரியாகப் பிரித்து எழுதுக.
2. ஒவ்வொன்றும் 3 மெகாபைட் உள்ள 8 படங்கள், வினாடிக்கு 2 மெகாபைட் வேகத்தில் வந்து சேர எத்தனை வினாடிகள் ஆகும்? அவற்றை 200 கிலோபைட்டாகச் சுருக்கினால் எவ்வளவு?
3. மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் தளத்தில் இட வேண்டிய அறிவிப்பை நான்கு வரிகளில் எழுதுக.
4. முகவரிப் பெயர் ஓட்டல் உரிமையாளரின் பெயரில் இருக்க வேண்டியது ஏன்? விளக்குக.